செபமாலைக்குப் பின் வாசித்த நாவல்

எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் எழுந்துவிட முடியாது. அதற்கப்புறம் வாசகம் உண்டு. புனிதர்களின் வரலாறோ, மே மாதமானால் மாதா வணக்கமாதப் புத்தகமோ, இரண்டு பக்கம் நான் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் பாயில் உட்கார்ந்தபடி கேட்பார்கள். பத்து வயதில் என் தலையில் கட்டிய வேலை அது. நான் பி.எட். முடித்து, பள்ளத்தூரில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்து, இருபத்தொன்பது வயதான பிறகும் என்னை விடவில்லை.

புதுப் புத்தகம் எடுக்கும் நாளில் அப்பா ஒன்று கேட்பார். "ஆண்டகை அனுமதி போட்டிருக்கா, பாரு." ஆயரின் அனுமதியோடு அச்சிட்டதாக முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அது இருந்துவிட்டால் உள்ளே எழுதியிருக்கும் அத்தனையும் அப்பாவுக்கு நடந்த சங்கதி. வெட்டுண்ட தன் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு புனிதர் நடந்து போனார் என்று படித்தால், "எம்புட்டுத் தூரம்?" என்றுதான் கேட்பார். நடந்தாரா என்று கேட்க மாட்டார். நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போவேன்.

அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் முப்பது வருடம் களத்து மேஸ்திரியாக இருந்தார். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, உச்சி வெயிலில் காலாலேயே சால் சாலாகக் கிளறிவிடுவார்கள். சாப்பிடுகிற நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பதால் எல்லோருக்கும் வெறுங்கால்தான். அப்பா மேற்பார்வை பார்ப்பவர் என்றாலும் நின்று பார்க்கிற ஆள் இல்லை, தானும் இறங்கிக் கிளறுவார். வேலையை விட்டு வீட்டோடு வந்தபோது பாறையாக இறுகிப்போன இரண்டு பாதங்களையும், சர்க்கரை வியாதியையும், முன்கோபத்தையும் கொண்டுவந்தார். முன்கோபத்தில் எனக்கும் பங்கு கிடைத்திருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை. கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகளைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்திருப்பதாகவும், கூடப் போய் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றும் சொல்லி எங்கள் தலைமையாசிரியை என்னை அனுப்பினார். வீட்டுக்காரர்கள் சொன்னதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த அம்மாள் அசந்துபோய், போகும்போது தன் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து என் கையில் வைத்தார். "இது என் வாழ்க்கையை மாற்றியது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தைவிட, என் ஆங்கிலத்தை ஒரு வெள்ளைக்காரி மெச்சினாளே என்பதுதான் பெரிதாக இருந்தது.

காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்கும் பஸ்ஸில் போகவர நான்கு நாளில் படித்து முடித்துவிட்டேன். நாவலில் ஒரு வெள்ளைக்கார சர்வேயர் வருகிறார். சுரங்கக் கம்பெனி ஒன்றுக்காக ஆஸ்திரேலியப் பாலைவனத்தை அளக்கப் போனவர் வழி தவறிவிடுகிறார். அந்த மண்ணின் பூர்வகுடிகள் சிலர் அவரைக் கண்டெடுத்துத் தங்களோடு நடத்திக்கொண்டு போகிறார்கள். நடக்க நடக்க அவருக்கு உள்ளே ஏதோ திறக்கிறது. மண் மனிதனுக்குச் சொந்தமில்லை, மனிதன்தான் மண்ணுக்குச் சொந்தம் என்று தெரிந்துகொள்கிறார். அளக்கும் சங்கிலியை மணலில் புதைத்துவிட்டு அழுகிறார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நானும் அழுதேன். அந்த வயதில் எனக்கு அழ ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வாரம் நாங்கள் படித்துக்கொண்டிருந்த புனிதரின் வரலாறு முடிந்துவிட்டது. பங்குக் கோயில் அலமாரியில் வேறொன்று எடுத்து வர மறந்துபோனேன். செபமாலை முடிந்தது. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இருந்திருக்கலாம். பையிலிருந்த நாவலை எடுத்து, "இன்னைக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம், நானே தமிழ்ல சொல்றேன்" என்றேன்.

"அனுமதி போட்டிருக்கா?" என்றார் அப்பா.

முதல் தாளைப் புரட்டினேன். இதில் வரும் மனிதர்களும் சம்பவங்களும் கற்பனையே என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை வாசித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாவலும் சினிமாவும் அப்பாவுக்கு ஒரே ரகம், இரண்டும் வாசக நேரத்தில் வாயிலெடுக்கக் கூடாதவை. "அச்சடிச்ச விவரம் போட்டிருக்குப்பா" என்றேன். அப்பா தலையாட்டிவிட்டுச் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டார்.

நான் மொழிபெயர்த்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்த்தவுடன் வாயால் தமிழாக்குவது சாதாரண வேலை இல்லை. பெரிய விஷயங்களைச் சொல்ல எனக்குத் தெரிந்த தமிழ் ஒன்றுதான், பூசையில் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ். அதனால் "என்றாள்" என்று இருக்கும் இடத்திலெல்லாம் "அவள் அவனை நோக்கிச் சொன்னதாவது" என்று வந்தது. சர்வேயர் குடிப்பது, ஊரில் விட்டுவந்த மனைவியைத் திட்டுவது, இந்தச் சனங்கள் தன்னை ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்படுவது, இதையெல்லாம் அப்பா முன்னால் எப்படிச் சொல்வதென்று கூசி அப்படியே தாண்டினேன். கடைசியில் என் வாய்வழியாக வந்தது ஒரு புனிதரின் வரலாறாகவே இருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பாதத்தைப் பற்றிய அத்தியாயம் வந்தது. சர்வேயரின் பூட்ஸ் கிழிந்து போகிறது. கால் முழுக்கக் கொப்பளம். ஒரு பெண் அவர் பாதங்களைச் சுடுமணலில் புதைத்துப் பாடுகிறாள். வலி என்பது மண் உன்னைக் கேட்கும் கேள்வி, கேள்வி நின்றுவிட்டால் மண் உன்னை ஏற்றுக்கொண்டது என்று பொருள், என்கிறாள். மறுநாள் அவருக்கு வலி இல்லை.

அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "அத இன்னொரு தரம் படி, தாயி."

படித்தேன். அப்பா தன் வலது பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"களத்துக்குப் போன மொத மாசம் ராவெல்லாம் அழுவேன். காலு அப்புடி எரியும். பெறகு ஒரு நாளு நின்னுபோச்சு. தோலு தடிச்சிருச்சுன்னு நெனச்சேன். முப்பது வருசம் நின்னிருக்கேன், இதுதான் சங்கதின்னு ஒருத்தன் சொல்லல." பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார், "இவுக நம்ம ஆளுக."

அது சிமெண்டுக் களம், மண் இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் வெயிலில் நின்ற மனிதருக்கு அதில் ஓர் அர்த்தம் இருந்தது என்று யாரோ சொல்கிறார்கள். அதைப் பிடுங்க நான் யார்?

அதற்குப் பிறகு அப்பா மாறினார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுகிறவர், பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். காலையில் கொல்லையில் கால் மணி நேரம் சும்மா நிற்பார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "கேக்குறேன்" என்பார். சித்தப்பாவோடு ஒரு வரப்புத் தகராறில் பதினோரு வருடம் பேச்சில்லை. சங்கிலியைப் புதைத்த அத்தியாயம் படித்த மறுநாள், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி, சொந்த ஊருக்குப் போய்ச் சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, "வரப்ப நீ சொல்ற எடத்துலயே போட்டுக்க" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். "எத்தன நவநாள் செபம் வச்சேன், ஒன் இங்கிலீஷ் புத்தகத்துல நடந்துருச்சு" என்றாள். நான் ஏதோ நானே எழுதிய புத்தகம் போல் பூரித்துப்போனேன்.

அப்பா ஊருக்குச் செருப்பில்லாமல் நடந்து போயிருக்கிறார் என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை. வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடப்பவர்களைப் பார்த்துப் பழகிய வீடு. செருப்பைக் கழற்றுவது எங்களுக்குப் பக்தியாகத்தான் தெரியும், ஆபத்தாகத் தெரியாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்ததும் பிறகுதான் தெரிந்தது.

தரை துடைக்கும்போது அம்மாதான் கண்டுபிடித்தாள். வாசலிலிருந்து பூசை மாடம் வரைக்கும் விட்டு விட்டு, சிவப்பும் மஞ்சளுமாக ஈரம். வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். உள்ளே ஒரு ஆணி இருந்தது. எத்தனை நாளாக அதோடு நடந்தாரோ தெரியாது.

"இது தெரியலயா ஒங்களுக்கு? வலிக்கலயா?" என்று அம்மா கத்தினாள்.

"வலிக்கல" என்றார் அப்பா. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "கொஞ்சங்கூட வலிக்கல."

காரைக்குடியில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனோம். அவர் பாதத்தை ஊசியால் அங்கங்கே குத்திப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவருக்குக் கால்ல உணர்ச்சியே போயிருச்சும்மா. சர்க்கரைல நரம்பு செத்துப்போச்சு. வலிக்காததுதான் இதுல ஆபத்து" என்றார் டாக்டர். புண்ணைக் கழுவிக் கட்டி, ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து, தினமும் கட்டு மாற்ற வரச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா என் தோளில் தட்டி, "அவரு படிச்ச புத்தகத்துல அப்புடி இருக்கு" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. பாவம், தெரியாதவர் என்கிற மாதிரி சொன்னார்.

மறுநாளிலிருந்து கட்டு மாற்றப் போகவில்லை. அம்மா கெஞ்சினாள், "என்னங்க, ஏன் இப்புடிப் பண்றீக" என்று காலில் விழாத குறையாக அழுதாள். நான் சண்டை போட்டேன். பழைய அப்பாவாக இருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார், இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் வந்திருப்பார். இந்த அப்பா கத்தவே மாட்டேன் என்கிறார். சிரிக்கிறார். பொறுமையாக எனக்கு எடுத்துச் சொல்கிறார். அவரோடு எப்படிச் சண்டை போடுவதென்றே எனக்குத் தெரியாமல் போயிற்று.

அப்போதுதான் எனக்கு அந்தக் குறுக்கு யோசனை வந்தது. புத்தகம் சொன்னால்தானே கேட்பார், புத்தகத்தையே சொல்லவைத்துவிடலாம். அன்று வாசகத்தின்போது, சர்வேயருக்கு மறுபடியும் காலில் புண் வந்ததாக ஆரம்பித்தேன். கூட்டத்தின் பெரியவர் அவரை நோக்கிச் சொன்னதாவது: "உங்கள் ஊர் வைத்தியருக்கும் மண்தான் கையைக் கொடுத்தது. ஆகையால் நீ போய் மருந்தை வாங்கிச் சாப்பிடு." நான் விரித்து வைத்திருந்த பக்கத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. பாம்பு போன தடத்தைப் பார்க்கிற காட்சி ஒன்றுதான் இருந்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"இது அவுக பேச்சு இல்ல தாயி. ஒன் பேச்சு."

"புத்தகத்துல இருக்குப்பா."

"இருக்காது. அவுக ஒருத்தர இப்புடிச் செய்யி, அப்புடிச் செய்யின்னு சொல்றதே இல்ல. நீதான் சொல்லுவ." 

மாட்டிக்கொண்டேன். இத்தனை நாளில் அந்தச் சனங்களின் பேச்சை அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டு வைத்திருந்தார். ஆத்திரத்தில் புத்தகத்தைத் திருப்பி முதல் தாளைக் காட்டினேன். இது கதை, யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியது, இங்கே கற்பனை என்று போட்டிருக்கிறது, நான்தான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டேன், என்று மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தார். அவருக்கு அது கோடுகள் மட்டும்தான். "நேத்து ஒண்ணு சொன்ன. இன்னைக்கு ஒண்ணு சொல்ற. இதுல எத நம்புறது?" என்றார். அம்மா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் நான் சொல்வதில் எது உண்மை என்று தெரியவில்லை. அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுவரைக்கும் அது எனக்குப் பெருமையாக இருந்தது.

பங்குச் சாமியாரை அழைத்து வந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்து, "ஆமாங்க, இது நாவல்தான்" என்றார். அப்பா எழுந்து நின்று கேட்டார்.

"சாமி சொன்னாச் சரிதான். ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்தப் பாலைவனம் இருக்கா?"

"இருக்கு."

"அந்தச் சனங்க இருக்காகளா?"

"இருக்காங்க."

"அது போதும் சாமி. எழுதுனவரு என்னமும் எழுதிட்டுப் போறாரு. பாக்காமயா எழுதிருப்பாரு?"

சாமியார் என்னைப் பார்த்தார். அவருக்கும் அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த மக்கள் தாங்களே எழுதிய ஒரு வரியைக்கூட நாங்கள் படித்ததில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி இன்னொருவர் எழுதியதை வைத்துக்கொண்டு, காரைக்குடியில் ஒரு ஓட்டு வீட்டில் ஒரு கால் அழுகிக்கொண்டிருந்தது. இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

வீட்டில் வாடை வர ஆரம்பித்தது. ஊதுவத்தி கொளுத்தினோம். அப்பாவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். விரல் கறுத்துவிட்டது. டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்து காட்டினேன். உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் ஆளே மிஞ்ச மாட்டார் என்றார். அப்பா வரமாட்டேன் என்றார். சித்தப்பா நான்கு ஆளைக் கூட்டிவந்து தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். தூக்கிக்கொண்டு போனாலும் அவர் சம்மதிக்காமல் யார் கத்தி வைப்பார்கள்? பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்றபடி அழுதேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்படி அழுததால்தான் அந்தச் செய்தி என் காதுக்கு வந்தது. பள்ளியை ஒட்டிய கன்னியர் மடத்தில், விடுமுறைக்கு வந்த ஒரு சிஸ்டர் தங்கியிருப்பதாகவும், அவர் ஆஸ்திரேலியாவில் பல வருடம் நர்ஸாக இருப்பவர் என்றும் ஒரு சக ஆசிரியை சொன்னார். மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு, சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு உடனே என்னோடு பஸ் ஏறிவிட்டார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர்.

வந்தவர் முதலில் அப்பாவின் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவினார். முகம் சுளிக்கவில்லை. கழுவியபடியே அப்பாவோடு பேசினார்.

"நான் இருக்கிற ஊரு பாலைவனத்து ஓரத்துலதான் இருக்குங்கய்யா. அந்த மக்களுக்குத்தான் நான் நர்ஸா இருக்கேன்."

அப்பா முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். "அவுகளப் பாத்திருக்கீகளா?"

"தினமும் பாக்குறேன். ரொம்ப நல்ல மக்கள். மண்ண அவங்க அம்மாவாத்தான் நெனைக்கிறாங்க, அது உண்மைதான்."

அப்பா என்னைப் பார்த்தார், கேட்டுக்கொண்டாயா என்கிற மாதிரி.

"ஆனா அவங்களுக்கும் இதே வியாதி இருக்குங்கய்யா. ரொம்பப் பேருக்கு. காலையில நான் போய்க் கதவத் தெறக்கிறதுக்கு முன்னாடியே ஊசி போட வந்து உக்காந்திருப்பாங்க. இந்த மாதிரிப் புண்ணு தினமும் கழுவுறேன். கால் எடுத்தவங்களும் இருக்காங்க. இன்னும் நல்ல ஆஸ்பத்திரி வேணும், டாக்டர் வந்து தங்கணும்னு அவங்கதான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

சிஸ்டர் புதுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அவுகளுக்குமா?" என்றார் அப்பா.

"அவங்களுக்கும்தான்."

அப்பா படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்த முதுகைப் பார்த்தபோது, எங்கேயோ ஓரிடத்தில் இந்தச் சனியன் பிடித்த வியாதி இல்லாத, வலியில்லாத ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் நம்பியிருந்ததை நாங்கள் இரண்டு பெண்களும் சேர்ந்து எடுத்துவிட்டோம் என்று தோன்றியது. மறுநாள் காலையில் அவரே அம்மாவைக் கூப்பிட்டு, "மதுரைக்குப் போவோம்" என்றார். பழைய எரிச்சல் குரலில் திரும்பியிருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சோதனை செய்தார்கள். விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று.

"முட்டி இருக்கும்ல?"

இருக்கும் என்றுதான் எதிர்பார்க்கிறோம் என்றார் டாக்டர். அவருக்குச் சின்ன வயது. அப்பா என்னிடம், "முட்டி இருந்தாப் போதும் தாயி. கோயில்ல முழங்கால் போட்டு, சாமியார் நாக்குல வைக்கிற நன்மைய வாங்கிருவேன். அது இல்லாம எடுக்குறதுன்னா வேண்டாம், இப்புடியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்.

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து ஒரு தாளைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. "அப்பாவுக்குத் தமிழ்ல விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. எல்லாத்தையும் சொல்லிருங்க" என்றார். நான்காவதோ ஐந்தாவதோ வரியில் விரலை வைத்தார். கீழே எடுப்பதாகத்தான் திட்டம், திறந்து பார்த்தபின் சதை கெட்டிருந்தால் முழங்காலுக்கு மேலேயும் எடுக்க நேரலாம், அதற்கும் சம்மதிக்கிறேன் என்று அந்த வரி சொன்னது. இன்றைக்கே எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும் என்றும் சொன்னார்.

கட்டிலுக்கு வந்தேன். அம்மா அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார், வாசகம் கேட்கிற மாதிரியே. மயக்க மருந்தைப் பற்றிச் சொன்னேன். ரத்தம் ஏற்றுவதைப் பற்றிச் சொன்னேன். உயிருக்கு ஆபத்து வரலாம் என்பதைக்கூடச் சொன்னேன், அதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வரி வந்தது. அதைத் தாண்டி அடுத்த வரியைச் சொன்னேன்.

"இது நெசந்தான? கதை இல்லயே?"

"நெசம்ப்பா."

"வரி விடாமப் படிச்சியா?"

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். சொன்னால் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்வார், வீட்டுக்குப் போனால் செத்துப்போவார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

"படிச்சிட்டேன்ப்பா" என்றேன். அப்பா பேனாவை வாங்கி, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் அவருக்கு நன்றாக நினைவு திரும்பியது. அம்மா பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிவரக் கீழே போயிருந்தாள். அப்பாவின் கை போர்வைக்குள் மெதுவாக இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தொடை வரை போனது. அங்கே கட்டு. அதற்குக் கீழே தடவிப் பார்த்தது, கட்டில் விரிப்புதான் இருந்தது. மறுபடியும் மேலே வந்து தடவியது.

"தாயி."

"என்னப்பா."

"இது அந்தத் தாள்ல இருந்துச்சா?"

வேறு எதையாவது சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். தாளில் இல்லை, அவர்களாகவே எடுத்துவிட்டார்கள் என்றால் டாக்டர் மேல் பழி போகும், நான் தப்பித்துவிடுவேன்.

"இருந்துச்சுப்பா" என்றேன்.

அப்பா என் முகத்தையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி" என்றார். கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து மார்பின்மேல் வைத்துக்கொண்டார். அம்மா வெந்நீரோடு வந்து, என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். அப்பா அவளிடம் வெந்நீருக்குக் கையை நீட்டினார்.